பரணில் கிடந்த பால்சா கிளைடரை மறுபடி பறக்க வைப்பது எப்படி

பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய கிளைடர் ஒன்று, அதாவது எஞ்சின் இல்லாமல் மிதந்து போகிற மாடல் விமானம், கையில் கிடைத்தால், தயவுசெய்து ஈரத்துணியை எடுக்காதீர்கள். எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். மேலே இருப்பது நாற்பது வருஷத் தூசி, அதற்குக் கீழே சிகரெட் தாள் மாதிரி மெல்லிய காகிதம், அதற்கும் கீழே பால்சா என்கிற மிக லேசான மரம். ஈரம் பட்டால் காகிதம் ஊறித் தொங்கும், காயும்போது சுருங்கி இறக்கையையே முறுக்கிவிடும். காய்ந்த பிரஷ் போதும், பெயிண்ட் அடிக்கிற மிருதுவான பிரஷ், இறக்கையின் முன்விளிம்பில் இருந்து பின்விளிம்பு நோக்கி மெதுவாகத் தள்ளினால் தூசி தானே விழும்.

என் கைக்கு வந்தது பெரம்பூரில் தாய்மாமா வீட்டுப் பரணில் இருந்தது. அவர் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது செய்தது. அந்தப் பிரிவில் மாடல் விமானம் செய்வது பயிற்சியிலேயே உண்டு, அதனால் நம்ம ஊரில் பழைய கிளைடர் எங்கேயாவது கிடைத்தால் பெரும்பாலும் இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ அதற்குப் பின்னால் இருப்பார். "எடுத்துட்டுப் போடா, எனக்குக் குப்பையில போட மனசு வரல" என்று கொடுத்தார். நாலடி இறக்கை, இடது பக்கம் ஒடிந்து காகிதத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து பறக்கவிட்டதில் கற்றுக்கொண்டதைத்தான், இப்போதுதான் ஆரம்பிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வேலையில் ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: கனம் ஏறக்கூடாது. ஒட்டுப் போட்டது தெரிந்தால் தெரியட்டும், நிறம் பொருந்தாவிட்டாலும் போகட்டும். ஆனால் ஒவ்வொரு சொட்டுப் பசையும் ஒவ்வொரு துண்டு மரமும் கிராம் கணக்கில் ஏறும். வால் பக்கம் ஏறுகிற கனம் இரட்டிப்புக் கஷ்டம், ஏனென்றால் வால் நீளம், மூக்கு குட்டை. வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் ஏறத்தாழ மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். வாலில் ஒரு சொட்டுப் பசை கூடப் போட்டாலும் மொத்தத்தில் நாலு சொட்டுக் கனம் ஏறிவிடுகிறது.

பிளேடை எடுக்கும் முன்

முதல் நாள் எதையும் பிரிக்காதீர்கள். எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், அடிப்பக்கம் உட்பட. அப்புறம் பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டி, அதன்மேல் இறக்கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள், ஒவ்வொரு ரிப்பும் எங்கே வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிப் என்றால் இறக்கைக்குக் குறுக்கே விலா எலும்பு மாதிரி நிற்கும் மெல்லிய துண்டுகள், அவற்றின் வளைவுதான் இறக்கைக்கு வடிவம் கொடுக்கிறது. நீளவாட்டில் ஓடும் கட்டை ஸ்பார், அதுதான் முதுகெலும்பு. இந்தக் காலண்டர் படம் இல்லாமல் காகிதத்தை உரித்துவிட்டால், பிறகு எது நேர், எது கோணல் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

எடை போடுங்கள். இறக்கை தனியாக, உடல் தனியாக, வால் தனியாக. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். என் இறக்கை முதலில் 82 கிராம், வேலை முடிந்தபோது 79. மாமா காலத்துக் கெட்டி வார்னிஷ் போனதால் கிடைத்த மூன்று கிராம் அது, எனக்கு அதில் இன்றும் சந்தோஷம்.

இறக்கையின் இருபக்க நுனியும் உடலைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் அளந்து எழுதுங்கள். இந்த மேல்நோக்கிய சாய்வுக்கு டிஹெட்ரல் என்று பெயர். கிளைடர் ஒரு பக்கம் சாய்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ள வைப்பது இதுதான், இதை நம் வசதிக்கு மாற்றக்கூடாது.

அடுத்தது ஒரு முடிவு. பறக்கவா, சுவரில் மாட்டவா? மாட்டுவதற்கு என்றால் பழைய காகிதத்தை உரிக்கவே வேண்டாம், கிழிந்த இடத்தில் மட்டும் சின்ன ஒட்டுப் போட்டால் போதும், அந்தப் பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். பறக்க வேண்டும் என்றால் காகிதம் முழுக்கப் போக வேண்டும். பழைய காகிதம் நொறுங்கும், உள்ளே இருக்கிற ஒட்டுகளையும் பார்த்தாக வேண்டும். ஸ்பார் முழுக்கக் கரையான் தின்றிருந்தால், விரலால் அழுத்தும்போது பொடியாகும், அந்த இறக்கையைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. அதை மாதிரியாக வைத்துப் புதுசு செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றலாம், ஒடிந்ததைக்கூட.

காகிதம் உரிப்பது

காகிதத்தை மரத்தோடு பிடித்து வைத்திருப்பது டோப் என்கிற செல்லுலோஸ் வார்னிஷ். பெயிண்ட் கடையில் என்.சி. தின்னர் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதில் பஞ்சை நனைத்து விளிம்போரமாக ஒற்றி அரை நிமிஷம் விட்டால் இளகும். பிளேடைப் படுக்கவைத்து மெல்லத் தூக்கினால் பட்டையாக வந்துவிடும். வராத இடத்தில் இழுக்காதீர்கள், இன்னொரு முறை ஒற்றுங்கள். இழுத்தால் காகிதத்தோடு ரிப்பின் மேல்தோலும் கூட வரும்.

இதை வீட்டுக்குள் செய்யவே கூடாது. நம்ம ஊர் வீடுகள் எப்படி என்று நமக்குத் தெரியும், ஒரு அறையில் சாமி விளக்கு, அடுத்த அறையில் கேஸ் அடுப்பு, கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி. தின்னர் ஆவி தரையோடு தரையாகப் பரவி எங்கேயோ இருக்கும் நெருப்பைப் போய்ப் பிடிக்கும். மொட்டை மாடிக்குப் போங்கள், நிழல் பக்கம், கையுறை போட்டுக்கொண்டு. பஞ்சைக் குப்பைக்கூடையில் அமுக்காமல் திறந்தவெளியில் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.

காகிதம் போனதும் உள்ளே என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். நான் இடது இறக்கையின் காகிதத்தை எடுத்தபோது ஒவ்வொரு ரிப்பிலும் பென்சிலில் "இ 1", "இ 2" என்று எண் இருந்தது, ஏழாவதில் மட்டும் எண்ணை அடித்துவிட்டு "மாற்றியது" என்று சின்ன எழுத்தில். மாமாவும் ஒருமுறை உடைத்து மாற்றியிருக்கிறார். அந்த ரிப்பின் மரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளுப்பு. இப்படி எழுத்து ஏதாவது கண்ணில் பட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நீங்கள் மாற்றுகிற துண்டிலும் பென்சிலால் தேதி போடுங்கள், பென்சில் எழுத்துக்குக் கனம் கிடையாது.

மரவேலை

பழைய ஒட்டுகளைச் சோதிப்பதில் இருந்து ஆரம்பியுங்கள். அந்தக் காலத்தில் போட்ட பால்சா சிமென்ட் என்கிற பசை வருஷம் ஆக ஆக மஞ்சளாகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பார்க்க ஒட்டியிருக்கிற மாதிரியே இருக்கும், இரண்டு விரலால் லேசாக வளைத்தால் 'டிக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வருகிற ஒட்டு எல்லாம் பிரிந்த கணக்குதான், பறக்கும்போது பிரிவதைவிட மேஜைமேல் பிரிவது நல்லது. பழைய பசையைப் பிளேடு முனையால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக ஒட்டுங்கள்.

எந்தப் பசை? எல்லாரும் ஃபெவிக்விக்கைத்தான் முதலில் எடுப்பார்கள். நான் அதை ஒரே இடத்தில்தான் பயன்படுத்துவேன்: சுத்தமாக ஒடிந்து, இரண்டு பாதியும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிற மரத்தில். மற்ற இடத்தில் எல்லாம் சாதாரண ஃபெவிகால், கொஞ்சம் தண்ணீர் கலந்து, பல்குச்சி முனையில் தொட்டு வைத்தால் போதும். ஃபெவிக்விக் காய்ந்த இடம் கல்லாகிவிடும். சுற்றியிருக்கிற பால்சா பஞ்சு மாதிரி, அதனால் உப்புத்தாள் போடும்போது மரம் தேய்ந்து பசை மட்டும் மேடாக நிற்கும். ஃபெவிகால் காய ஓர் இரவு ஆகும். ஆகட்டும், பரணில் நாற்பது வருஷம் காத்திருந்த பொருள்தானே. பசை வழிந்தால் உடனே ஈர இயர் பட் வைத்து எடுத்துவிடுங்கள், வழிந்தது எல்லாம் வீண் கனம்.

ஒடிந்த ஸ்பாருக்குத் தனி முறை உண்டு. முனையோடு முனை வைத்து ஒட்டினால் நிற்கவே நிற்காது, மரத்தின் நார் அங்கே அறுந்து கிடக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே சரிவில் சாய்வாக வெட்டுங்கள், கட்டையின் தடிமனைப் போல ஆறு மடங்காவது நீளம் இருக்க வேண்டும், அதாவது 5 மில்லிமீட்டர் ஸ்பார் என்றால் சாய்வு 30 மில்லிமீட்டர். இரண்டு சரிவும் ஒன்றன்மேல் ஒன்று படுத்தால் பசை பிடிக்கப் பரப்பு கிடைக்கிறது, விசையும் நார் வழியாகவே போகிறது. வெட்டும்போது நீளம் குறையும், அதனால் நடுவில் ஒரு புதுத் துண்டு வைத்து இரண்டு சாய்வு ஒட்டு போட வேண்டிவரலாம். காலண்டர் படத்தின்மேல் பாலிதீன் தாளை விரித்து, அதன்மேல் இறக்கையை வைத்துக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டுங்கள். குண்டூசியை மரத்துக்குள் குத்தாமல் இரண்டு பக்கமும் சாய்த்துக் குத்தினால் பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கும் பலகை கோணல் இல்லாமல் இருக்க வேண்டும். நான் பழைய அலமாரியின் பிளைவுட் கதவை வைத்தேன், அதற்கு மேல் ஒரு தெர்மோகோல் தகடு, ஊசி இறங்குவதற்கு.

புது பால்சா வாங்கும்போது தகட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள், முடிந்தால் தராசையும் கொண்டுபோங்கள். ஒரே மரத்தில் இவ்வளவு வித்தியாசம் வேறு எதிலும் வராது. 1.5 மில்லிமீட்டர் கனம், 75 மில்லிமீட்டர் அகலம், 900 மில்லிமீட்டர் நீளத் தகடு 10 கிராமும் இருக்கும், 20 கிராமும் இருக்கும், விலை மட்டும் ஒன்றுதான். ரிப்புக்கு 10 முதல் 13 கிராம் தகடு எடுங்கள். ஸ்பாருக்கும் முன்விளிம்புக்கும் கொஞ்சம் கனமான, விறைப்பான கட்டை வேண்டும். அதோடு தகட்டின் முகத்தைப் பாருங்கள். பளபளப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது குறுக்கே வளையாத விறைப்பான வெட்டு, ரிப்புக்கு அதுதான் சரி. நீளக் கோடுகளாகத் தெரிந்தால் எளிதாக வளையும், உருண்டையான இடத்தில் போர்த்த உதவும், ரிப்புக்கு ஆகாது.

புது ரிப் வெட்ட, பக்கத்தில் நல்லபடியாக இருக்கிற ரிப்பின் வடிவத்தை அட்டையில் எடுத்துக்கொள்ளுங்கள். நார் ரிப்பின் நீளவாட்டில் ஓட வேண்டும். புது பிளேடு போடுங்கள், ஒரே இழுப்பில் அறுக்காமல் நாலைந்து லேசான இழுப்பில். பால்சா வெட்டுவதற்கு மிருதுவாக இருப்பதால் மொக்கை பிளேடு அதை அறுக்காமல் நசுக்கிவிடும்.

கடைசியில் தட்டையான கட்டையில் ஒட்டிய 240-ம் நம்பர் உப்புத்தாளால் எல்லா ரிப்பையும் சேர்த்து ஒரே போக்கில் லேசாகத் தடவுங்கள். ஒரு ரிப் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் காகிதம் போர்த்தியதும் அது விலா எலும்பு மாதிரி துருத்தும்.

காகிதம் போர்த்துவது

காத்தாடி கட்டத் தெரிந்தவருக்கு இந்தக் கட்டம் பாதி தெரிந்த வேலைதான். 1804-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி என்கிற விமான ஆராய்ச்சியாளர் செய்த சின்ன மாடல் கிளைடரில் இறக்கையே ஒரு காத்தாடிதான். நீளக் கம்பு ஒன்றில் காத்தாடியைச் சாய்த்துப் பொருத்தி, பின்னால் திருப்பக்கூடிய வால் ஒன்றை வைத்தார். வியாசர்பாடியில் காத்தாடி கட்டுகிற பெரியவர் ஒருவரிடம் என் சட்டத்தைக் காட்டினேன். மரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பேப்பருக்கும் நெடுக்கு குறுக்கு இருக்கு தம்பி, கிழிச்சுப் பாரு" என்றார். ஒரு மூலையை இரண்டு பக்கமும் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழிகிற பக்கம்தான் நெடுக்கு. அந்த நெடுக்கு இறக்கையின் நுனியில் இருந்து நுனிக்கு ஓட வேண்டும். மாற்றிப் போட்டால் ரிப்புக்கு நடுவில் காகிதம் குழியும்.

இதற்கென்றே உள்ள ஜப்பானிய டிஷ்யூ மாடல் விமானப் பொருட்கள் விற்கிற இடத்தில் கிடைக்கும். கை துடைக்கிற டிஷ்யூ இல்லை, அது வேறு. கிடைக்காவிட்டால் மெல்லிய காத்தாடிப் பேப்பரிலும் செய்யலாம். ஆனால் முதலில் ஒரு சின்னச் சதுரச் சட்டம் செய்து, அதன்மேல் ஒட்டி, தண்ணீர் தெளித்துக் காயவிட்டுப் பாருங்கள். முரசு மாதிரி இறுகினால் எடுத்துக்கொள்ளுங்கள், தொளதொள என்றே இருந்தால் வேண்டாம். மைதா பசை மட்டும் வேண்டவே வேண்டாம். காத்தாடி ஒரு வாரப் பொருள், அதற்கு மைதா சரி. கிளைடரில் போட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. தண்ணீர் கலந்த ஃபெவிகாலை விளிம்புகளிலும் ரிப்பின் அடிப்பக்கத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள்.

அடிப்பக்கத்தை முதலில் போர்த்துங்கள், அப்புறம் மேல்பக்கம். டிஹெட்ரல் திரும்புகிற இடத்தில் ஒரே தாளை வளைக்கப் பார்க்காதீர்கள், அங்கே தனித் தாள். இழுத்து இறுக்க வேண்டியதில்லை, சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இறுக்குகிற வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இஸ்திரி போடும்போது தெளிக்கிற பாட்டிலில் பனி மாதிரி தெளித்துவிட்டு, உடனே இறக்கையைப் பலகையில் வைத்து, அடியில் காற்றுப் போக நாலு தீக்குச்சி முட்டுக் கொடுத்து, விளிம்புகளில் கனம் வையுங்கள். முதல் முறை வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று மே மாதத்தில் மாடியில் வைத்தேன், ஒரு மணி நேரத்தில் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நிழலில், மெதுவாக, கனத்தின் கீழேதான் காய வேண்டும்.

நாள் பார்த்து வார்னிஷ்

டோப் கிடைக்காவிட்டால் மரப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் என்.சி. கிளியர் லாக்கர் உதவும், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, 30 மில்லிக்கு நாலு சொட்டு விளக்கெண்ணெய் விடுங்கள். விளக்கெண்ணெய் இல்லாவிட்டால் அது காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போய், மெல்லிய இறக்கையை முறுக்கிவிடும். இரண்டு பூச்சு போதும், அதிகம் போனால் மூன்று.

நம்ம ஊரில் இதற்கு நாள் பார்க்க வேண்டும். தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். மாசி பங்குனியில், வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று ஈரத்தோடு வந்து சேர்வதற்குள் முடித்துவிடுங்கள். வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம், காய்ந்த நாளாகப் பார்த்துத் தின்னரை மட்டும் ஒருமுறை மெல்லத் தடவினால் தெளிந்துவிடும்.

முறுக்கு எடுப்பது

வார்னிஷ் காய்ந்ததும் இறக்கையைப் பின்னால் இருந்து கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். எங்காவது முறுகியிருந்தால் இட்லிக் குண்டானில் தண்ணீர் கொதிக்கவிட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து, அந்த ஆவியில் முறுகிய பகுதியைக் காட்டி, எதிர்ப்பக்கமாக லேசாகத் திருப்பி ஆறும்வரை அப்படியே பிடியுங்கள். தேவையான அளவைவிடக் கொஞ்சம் கூடவே திருப்புங்கள், விட்டதும் சற்றுத் திரும்பி வரும். இரண்டு நுனியிலும் பின்விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கியிருந்தால் அது தப்பு இல்லை, வேகம் குறையும்போது நுனி திடீரென்று விழாமல் காப்பது அது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

சமநிலையும் முதல் வீச்சும்

உடலில் பழைய குறி இருந்தால் அதுதான் சமநிலைப் புள்ளி. இல்லாவிட்டால் இறக்கையின் முன்விளிம்பில் இருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். வால் தொங்கினால் மூக்கில் கனம் வேண்டும். காசிமேட்டில் வலைச் சாமான் விற்கிற கடைகளில் சின்ன ஈயக்குண்டு கிடைக்கும், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மூக்குக் கனம் இல்லை. மூக்குப் பெட்டியில் பழைய ஈயம் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஊதாதீர்கள், அந்தப் பொடி விஷம். கையுறையோடு ஈரத்துணியால் எடுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புது ஈயத்தைத் தொட்டாலும் இதேதான்.

பறக்கவிடக் கடற்கரைக்குப் போகத் தோன்றும். வேண்டாம், காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை அலைத்தடுப்புக்குக் கருங்கல் கொட்டியிருக்கிறது, ஒரு இறக்கம் போதும், நாலு மாத வேலை போய்விடும். புல் இருக்கிற மைதானம், விடியற்காலை ஆறு மணி, கிரிக்கெட் ஆட வருவதற்கு முன், காற்று அசையாத நேரம். தோள் உயரத்தில் பிடித்து, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளித் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்து, மூக்கு இம்மி கீழே இருக்கும்படி, ஈட்டி விடுகிற மாதிரி நேராக விடுங்கள். மேல்நோக்கி வீசவே கூடாது.

மூக்கைத் தூக்கித் தூக்கி அலைபோலப் போனால் மூக்கில் ஒரு கிராம் சேருங்கள், அல்லது வால் இறக்கையின் முன்விளிம்புக்கு அடியில் விசிட்டிங் கார்டு தடிமனுக்கு ஒரு துண்டு வையுங்கள். நேராகத் தரையைக் குத்தப் பார்த்தால் அதே துண்டை வாலின் பின்விளிம்புக்கு அடியில் மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், செய்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். நேராக மிதந்து போய்ப் பத்து மீட்டருக்கு அந்தப் பக்கம் வயிறு உரசி இறங்கினால் சரியாகிவிட்டது. பிறகு நூலில் இழுத்து ஏற்றலாம், போட்டிகளில் 50 மீட்டர் நூல் வைப்பார்கள், ஆரம்பத்துக்கு 15 மீட்டர் தாராளம். சாதாரணத் தையல் நூலோ தூண்டில் நரம்போ போதும். மாஞ்சா கூடவே கூடாது, தடை செய்த பொருள் அது, வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அறுத்திருக்கிறது.

என் கிளைடர் ஆறாவது வீச்சில்தான் நேராகப் போனது. மாமா மைதானத்தின் மறுகோடியில் நின்று இரண்டு கையாலும் பிடித்து, முதலில் திருப்பிப் பார்த்தது இடது இறக்கையின் ஏழாவது ரிப்பைத்தான், காகிதத்துக்கு அடியில் அந்தப் பென்சில் எழுத்து வெளிச்சத்தில் தெரிகிறதா என்று.

வீட்டில் மறுபடி பரணில் ஏற்றாதீர்கள். இறக்கையைக் கழற்றிப் பழைய வேட்டித் துணியில் தளரச் சுற்றி, வெளிச்சுவரில் படாமல், உள்சுவர் ஓரமாக இரண்டு இடத்தில் துணி வளையம் போட்டு மாட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் எடுத்துப் பலகைமேல் வைத்து நாலு மூலையையும் பாருங்கள். முறுகியிருந்தால் மறுபடி இட்லிக் குண்டான்தான்.